கரடிப்பாறை இரைச்சல்

அக்டோபர் 4, வெள்ளி

சவரிமுத்துவுக்குக் கால் இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. உயிருக்குப் பயமில்லை. கூடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன். பேட்டரிச் சரக்கு எடுக்க எப்படியும் கூடலூர் போக வேண்டியிருந்தது, அதற்காகத்தான் போனேன். போன இடத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நேற்று மாலை நாலேகாலுக்குப் புளிக்கல் சரிவில் ஒற்றை ஆனை இறங்கியது. பார்த்துச் சொல்ல வேண்டியவள் அங்கே வாட்சராக நிற்கும் தவமணி. அவள் வாக்கி டாக்கியில் பேசினால் கரடிப்பாறை உச்சியில் இருக்கும் என் ரிப்பீட்டர் அதைக் கேட்டு, உரக்கத் திருப்பிச் சொல்லும். சுற்றுவட்டத்தில் உள்ள நாற்பத்திரண்டு வாக்கியிலும் கேட்கும். நேற்று ஒன்றில்கூடக் கேட்கவில்லை. தேயிலைக் கொழுந்து மூட்டையோடு பாதையில் வந்த சவரிமுத்து நேராக ஆனைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். திரும்பி ஓடியவர் தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டிய கானுக்குள் விழுந்தார். ஆனை அவரைத் தொடக்கூட இல்லை.

மூன்று தடவை கூப்பிட்டேன் என்கிறாள் தவமணி. சங்கச் செயலாளர் குணசீலன் கடைக்கே வந்துவிட்டார். தேயிலை விவசாயிகள் சங்கம்தான் வாட்சர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. வாக்கியும் ரிப்பீட்டரும் நான் போட்டது, உரிமமும் என் பேரில்.

"ரெண்டுல ஒண்ணுதான் வீரா. அவ பொய் சொல்றா, இல்ல ஒங்க பெட்டி செத்துப்போச்சு. எதுன்னு நீங்களே சொல்லிருங்க."

என் பெட்டிக்கு ஒன்றும் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் ஜீப் வளைவு திரும்பிய பிறகுதான் நான் எதைச் சொல்லி முடித்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

இருபதாம் தேதி பொதுக்கூட்டம். தவமணியை நிறுத்துவதா என்பது ஒன்று. ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டு எல்லாருக்கும் போனில் செயலி போட்டுக்கொள்வதா என்பது இன்னொன்று. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று குணசீலனை இரண்டு மாதமாகச் சுற்றுகிறது. புளிக்கல்லில் போனுக்குச் சிக்னலே கிடையாது. அதைச் சொன்னால், வரும் என்கிறார்.

கழற்றட்டும் பார்க்கிறேன்.

அக்டோபர் 5, சனி

எஸ்தர் மேடம் வந்தார். கூடலூர் ஐ.டி.ஐ.யில் ரேடியோ வேலை சொல்லிக்கொடுப்பவர். நாற்பத்தைந்து வயசிருக்கும். பேச்சு கம்மி, பேசினால் குத்தும். நான் சால்டரிங் கம்பி பிடித்தே பிழைத்தவன். இலங்கையிலிருந்து வந்து மண்டபம் முகாமில் இறங்கியபோது எனக்கு ஏழு வயது. பந்தலூர் பஸ் ஸ்டாண்டில் பலகை போட்டு டிரான்சிஸ்டர் ரிப்பேர் பார்த்து இந்தக் கடைக்கு வந்தவன். யாரிடமும் போய் என்ன என்று கேட்கும் பழக்கம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் கேட்டேன்.

ஜீப் முருகன் கோயில் வரைக்கும் போகும். அங்கிருந்து எண்பது படி ஏறினால் ரிப்பீட்டர் அறை. குணசீலனும் கூடவே ஏறி வந்தார். நல்ல உச்சி வெயில். தவமணியைப் புளிக்கல்லிலிருந்து கூப்பிடச் சொன்னோம். பக்கத்தில் நின்று பேசுவது மாதிரிக் கேட்டது.

"பாத்தீங்களா, பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்று குணசீலன் சிரித்தார். அவர் சிரித்தது என் பெட்டிக்காக இல்லை.

எஸ்தர் வயர்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மட்டும், "இப்ப நல்லா இருக்குன்னு தெரியுது. முந்தாநாள் நாலேகாலுக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியல" என்றார். பதினைந்து நாளாவது நேரம் குறிக்கச் சொன்னார். தினமும் தவமணி கூப்பிடட்டும், நான் கடையில் உட்கார்ந்து எப்போது கேட்கிறது, எப்போது கேட்கவில்லை என்று எழுத வேண்டும். இதற்கு முன்னால் யாராவது குறை சொன்னார்களா என்றும் கேட்டார்.

சொன்னார்கள். செப்டம்பர் பாதியிலிருந்தே தூரத்து வாட்சர்கள் கரகர என்கிறது என்று வந்தார்கள். பேட்டரி வீக்காக இருக்கும் என்று சொல்லிப் புது பேட்டரி விற்றேன். தவமணி மட்டும் ஆளனுப்பி இரண்டு வாங்கினாள்.

"காது கேக்காதவர்கிட்ட பேசுறவங்களப் போயி தொண்டையை மாத்தச் சொல்லியிருக்கீங்க" என்றார் எஸ்தர்.

அக்டோபர் 6, ஞாயிறு

மாலை 6.20. தவமணி கூப்பிட்டாள். முதல் வார்த்தை "கேக்குதா" என்பது மட்டும் வந்தது, பிறகு அருவி விழுகிற மாதிரி இரைச்சல். பக்கத்து ஊர் வாட்சர்கள் பேசினால் அதை மீறிக் கேட்கிறது. தூரத்துக் குரல் மட்டும் மூழ்கிவிடுகிறது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோளாறு இருக்கிறது, அப்படியானால் பிடித்துவிடலாம் என்ற சந்தோஷம். அவள் பொய் சொல்லவில்லை என்பது அதற்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

குணசீலனுக்குப் போன் செய்தேன். சாயங்காலம் ஆறரைக்கு இரைந்தால் இரையட்டும், சம்பவம் நடந்தது பகல் நாலேகால் என்றார்.

அக்டோபர் 7, திங்கள்

எஸ்தர் போனில் சொன்னபடி ஆறு மணிக்கு நானே ஏறினேன். இரைச்சல் தொடங்கியதும் ஆன்டெனா ஒயரைக் கழற்றி, அந்த இடத்தில் அவர் சனிக்கிழமை கொடுத்துப்போன அடைப்பு மூடியை மாட்டினேன். சட்டென்று அமைதி. மூடியைக் கழற்றி மறுபடி ஆன்டெனாவை மாட்டினேன். இரைச்சல். மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ஆக, பெட்டிக்குள்ளே ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து எதுவோ காற்றில் கத்துகிறது, அது ஆன்டெனா வழியாக உள்ளே வருகிறது. நான் முதல் நாளே சொன்னேன், என் பெட்டிக்கு ஒன்றும் இல்லை என்று. எவன் சொத்து கத்துகிறதோ அவனைச் சும்மா விடப்போவதில்லை. சந்தேகம் இரண்டு: எதிர் முகட்டில் இருக்கும் போன் டவர், கீழே இருக்கும் தேயிலை ஃபேக்டரி.

இறங்கும்போது நல்ல இருட்டு. ஆனால் கோயிலைச் சுற்றிப் பளிச்சென்று வெளிச்சம், படி ஒவ்வொன்றும் தெரிந்தது. ஆவணியில் கும்பாபிஷேகத்துக்கு நான் உபயம் செய்த பதினாலு சோலார் விளக்கு. கம்பத்துக்குக் கம்பம் சிவப்பு எழுத்தில் என் பேர். முகாமிலிருந்து வந்தவன் பேர் அந்த மலையில் பதினாலு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

டவர் இல்லை. அது இருபத்திநாலு மணி நேரமும் ஓடுகிறது, நம் இரைச்சல் வந்து வந்து போகிறது. டவர் காவலாளியிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்ட பிறகுதான் இது என் புத்திக்கு எட்டியது. அந்த மனுஷன் கடைசியில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அக்டோபர் 9, புதன்

இன்றைக்குப் பகல் 3.40-க்கே இரைச்சல் ஆரம்பித்துவிட்டது. ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் நின்றது, மறுபடி பிடித்துக்கொண்டது. நாலேகால் பகல் என்று சொன்ன குணசீலனுக்கு உடனே போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஃபேக்டரிதான். கொழுந்து அதிகம் வந்தால் மிஷினை முன்னாடியே ஓட்டுவார்கள். மேனேஜரிடம் போய்க் கேட்டேன். எங்கள் மோட்டார் எந்நேரமும்தான் ஓடுகிறது என்று விரட்டினார். விரட்டட்டும், பிடிக்கிறேன்.

மத்தியானத்திலிருந்து ஒரே பனிமூட்டம். பாக்கியம் மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் திரும்பவும் ஈரம். என்னைத் திட்டினாள். பனியை நானா இறக்கினேன்?

அக்டோபர் 10, வியாழன்

6.15. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க வெயில்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

கடையைக் கழுவி, சால்டரிங் கம்பி, மீட்டர், ஜீப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ரிப்பீட்டருக்கும் வைக்க மேலே போனேன். வழியில் ஃபேக்டரியில் மெயின் சுவிட்சையே இறக்கிப் பூஜை போட்டிருந்தார்கள். ஒரு மிஷின் ஓடவில்லை, புகை இல்லை, பூசணிக்காய் உடைத்துப் பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்.

6.10-க்கு இரைச்சல் வந்தது. பொரிகடலை கையிலேயே இருந்தது.

ஃபேக்டரியும் இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

எஸ்தர் வந்திருந்தார். ஒன்றும் முடிவாகவில்லை. தீபாவளிச் சரக்கு இறங்கியது.

அக்டோபர் 14, திங்கள்

நேற்று எழுதியது பொய். சொந்த டைரியில் பொய் எழுதுகிறவன் யாரிடம்தான் உண்மை சொல்லப் போகிறான் என்று தோன்றியது. அதனால் இன்றைக்கு ஒழுங்காக எழுதுகிறேன்.

நேற்று எஸ்தர் மீன் முள் மாதிரி ஒரு சின்ன ஆன்டெனா கொண்டுவந்தார். அதை எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கத்துச் சத்தம் மட்டும் பலமாகக் கேட்கும். ஆறரைக்கு உச்சியில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டவர் பக்கம் நீட்டினார், அமைதி. ஃபேக்டரி பக்கமும் அமைதி. கீழே கோயில் பக்கம் நீட்டினார். கையிலிருந்த ரேடியோ அலறியது.

கோயிலில் மைக் செட் இருக்கிறது, பழைய ஆம்ப்ளிஃபையர், அதுவாகத்தான் இருக்கும் என்றேன். இறங்கிப் போய் ஆம்ப்ளிஃபையர் ஒயரைப் பிடுங்கினோம். அலறல் நிற்கவில்லை. அப்படியானால் உண்டியலுக்கு வைத்த கேமராவாக இருக்கும் என்றேன். அதையும் பிடுங்கினோம். நிற்கவில்லை. எஸ்தர் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு ஒரு விளக்குக் கம்பத்துக்கு அடியில் போய் நின்றார். ரேடியோ அலறலில் காது கிழிந்தது.

"இது யார் வாங்கிக் கொடுத்தது சார்?"

கம்பத்திலேயே எழுதியிருக்கிறது என்றேன்.

"படிச்சிட்டேன். நீங்க சொல்லணும்னு கேட்டேன்."

இன்று காலை கடையில் கிடந்த அதே ரக விளக்கு ஒன்றைப் பிரித்தேன். பலகையில் சுருளுக்கு இடம் அச்சடித்திருக்கிறது, கண்டென்சருக்கும் இடம் அச்சடித்திருக்கிறது, இரண்டு இடமும் காலி. இரைச்சலை வெளியே விடாமல் அடக்குகிற சாமான்கள் அவைதான். இதைப் பார்த்து எனக்கு அதிர்ச்சி என்று எழுதினால் அதுவும் பொய். கோவையில் டீலர் இரண்டு ரகம் காட்டினார். இது அந்தச் சாமான் உள்ளது, இது அது இல்லாதது, எரிவது ஒரே மாதிரிதான் என்றார். எரிவது ஒரே மாதிரி என்றால் எனக்கு எதற்கு என்று இல்லாததையே எடுத்தேன். கோயிலுக்குப் பத்து கொடுப்பதாக இருந்தேன். அந்த ரகத்தை எடுத்ததால் பதினாலாக்கினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

வழி இருக்கிறது. நல்ல ரக விளக்கு பதினாலு தருவித்து மாற்றிவிடலாம். புது மாடல் உபயம் என்று சொன்னால் மாலை கூடப் போடுவார்கள். இரைச்சல் நின்றுவிடும், ரிப்பீட்டர் நின்றுவிடாது. எதனால் வந்தது, எதனால் போனது என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. எஸ்தர் ஊரில் போய்ச் சொல்கிற ஆள் இல்லை.

தவமணி விஷயம் அப்போதும் அப்படியேதான் நிற்கும். ஆனால் பகல் நாலேகாலுக்கு விளக்கு எரியாது. எரியாத விளக்கு எப்படி இரையும்? அன்றைக்கு அவள் கூப்பிடாமலும் இருந்திருக்கலாம். எனக்கு என்ன தெரியும்?

அக்டோபர் 16, புதன்

தர்மகர்த்தா சடையப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. மண்டல பூஜை நாற்பத்தெட்டு நாள், இருபத்தைந்தாம் தேதிதான் முடிகிறது. அதுவரை கும்பாபிஷேகத்துக்கு வந்த பொருள் எதையும் கழற்றக் கூடாதாம்.

"ஒரு பல்பக் கழட்டினாலும் ஊருக்கு ஆகாது. ஏன் வீரா, குடுத்தது நீங்கதானே, அதுக்குள்ள என்ன அவசரம்?"

புது மாடல் வந்திருக்கிறது என்றேன். முருகன் பழைய மாடலிலேயே இருந்துகொள்வார் என்றார். வந்துவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

தவமணி வாக்கியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு வந்தாள். சார்ஜர், உறை, நான் விற்ற இரண்டு பேட்டரி எல்லாம் ஒரு துணிப்பையில். முன்னால் ஒருநாளும் நேருக்கு நேர் நின்று பேசியதில்லை. குரலாகத்தான் தெரியும்.

குணசீலன் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறாராம். அக்டோபர் மூன்றாம் தேதி நான் தகவல் சொல்லத் தவறிவிட்டேன், மன்னிக்கவும் என்று. அதில் கையெழுத்துப் போட்டால் நிறுத்த மாட்டார்கள், வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். போடாவிட்டால் இருபதாம் தேதி நிறுத்தம். போட்டுவிடேன் என்று அவள் வீட்டுக்காரரே சொல்கிறாராம்.

"போட மாட்டேண்ணே. நான் கூப்பிட்டேன். வேலை போனா கொழுந்து பறிக்கப் போயிக்குவேன். கூப்பிடலன்னு எழுதிக் குடுத்தா அப்பறம் சவரிமுத்து மாமா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

நான் கல்லா மேஜையைத் துடைத்துக்கொண்டே அன்றைக்கு என்னதான் நடந்தது என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ. சொன்னாள். ஆனையைப் பார்த்து இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. கரடிப்பாறையை முன்பே மூடியிருந்த பனி அதற்குள் புளிக்கல்லுக்கும் இறங்கிவிட்டது, எதிரே கை நீட்டினால் கை தெரியவில்லை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு, நேரில் போய்ச் சொல்லலாம் என்று பாதையைப் பார்த்து ஓடியிருக்கிறாள்.

"வழியே தெரியலண்ணே. நல்லவேள, கோயில் லைட்டெல்லாம் எரிஞ்சுச்சு. பனிக்குள்ள மங்கலா வரிசையாத் தெரிஞ்சுது. அத வச்சுத்தான் திசை புடிச்சு ஓடுனேன். நீங்க குடுத்த லைட்டு இல்லேன்னா நானும் எங்கயாச்சும் விழுந்து கெடப்பேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நாலேகாலுக்கு எரிந்ததா என்று கேட்டேன்.

"பனி வந்தா எப்பவும் எரியுமே. அதுக்கு ராத்திரின்னு நெனப்பு."

வாக்கியை வாங்கிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திரு, சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது.

அக்டோபர் 18, வெள்ளி

இந்த டைரியையே புரட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி, பகல் 3.40. நானே எழுதியிருக்கிறேன், பனிமூட்டம், துணி ஈரம் என்று. சோலார் தகட்டில் வெளிச்சம் குறைந்தால் விளக்கு தானாக எரியும். அதை நானே எத்தனை பேரிடம் சொல்லி விற்றிருக்கிறேன். விற்கத் தெரிந்தவனுக்கு இது தெரியாமல் போனதா என்றால், இல்லை. பார்க்க இஷ்டமில்லை.

அவள் வாய் பேசியது. என் விளக்கு அதை விழுங்கியது. சவரிமுத்து கானில் விழுந்தார்.

பாக்கியத்திடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, தீபாவளி முடிந்து சொன்னால் என்ன என்றாள். கடையில் அந்த ரக விளக்கு இருநூறு இறங்கிக் கிடக்கிறது, கேட்காமல் என்ன செய்வாள். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்றேன். பிறகு பீரோவைத் திறந்து, "அப்ப அந்த நீலச் சட்டையப் போட்டுட்டுப் போங்க, இஸ்திரி போட்டு வக்கிறேன்" என்றாள்.

சடையப்பன் கழற்றக் கூடாது என்றார். தகட்டை மூடக் கூடாது என்று சொல்லவில்லை. உரச் சாக்கு பதினாலு எடுத்து வைத்தேன். எஸ்தருக்கும் தவமணிக்கும் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டேன். தவமணியிடம் காரணம் சொல்லவில்லை. பதினொன்றேகாலிலிருந்து வாக்கியில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இரு, நான் நிறுத்தச் சொல்கிறவரை நிறுத்தாதே என்று மட்டும் சொன்னேன். சரிண்ணே என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.

அக்டோபர் 20, ஞாயிறு

சங்கக் கட்டடம் நிறைந்திருந்தது. சடையப்பன் முன் வரிசை. சவரிமுத்துவின் மகன் கடைசி பெஞ்சில், கையைக் கட்டிக்கொண்டு. கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரர் படம் காட்டத் திரை கட்டியிருந்தார். குணசீலன் முதலில் தவமணி விஷயத்தை எடுத்தார். அவள் கூட்டத்துக்கே வரவில்லை, அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி என்றார்.

அவள் புளிக்கல்லில் இருக்கிறாள், நான்தான் நிற்கச் சொன்னேன் என்று எழுந்தேன். கொண்டுபோயிருந்த ரேடியோவை மேஜையில் வைத்துத் திருகினேன். பதினொன்றேகால் தாண்டியிருந்தது. வெளியே சுள்ளென்று வெயில்.

"இருவத்தேழு... இருவத்தெட்டு... இருவத்தொம்பது..."

சிரிப்பு கிளம்பியது. பாடம் படிக்கிறாளா என்றார் ஒருவர். குணசீலன் நேரத்தை வீணாக்காதீங்க வீரா என்றார். ஐந்து நிமிஷம் என்றேன். கோயிலில் எஸ்தரும் அவர் மாணவர்களும் இருக்கிறார்கள், கையில் சாக்கு இருக்கிறது, இப்போது உங்கள் பகல் நாலேகாலைக் காட்டப்போகிறேன் என்றேன். எவருக்கும் புரியவில்லை.

ஐம்பதைத் தாண்டும்போது குரலுக்கு அடியில் கரகரப்பு வந்தது. சோலார் தகடுகள் மேல் சாக்கு விழ ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு விளக்காக எரிய எரிய அது ஏறியது. "அறுவத்தொண்ணு... அறுவத்திரெண்டு... அறுவத்திமூ..." அதோடு போச்சு. அருவிச் சத்தம். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அந்த இரைச்சலுக்கு மேலே நான் கத்திப் பேச வேண்டியிருந்தது. ஒருவகையில் நல்லது, தழுதழுக்க வழியில்லை. கோயில் விளக்குதான் கத்துகிறது, பனி இறங்கினால் பகலிலும் எரியும், எரிந்தால் ரிப்பீட்டருக்குத் தூரத்துக் குரல் கேட்காது, அன்றைக்கும் இதுதான் நடந்தது என்றேன். இரைச்சலை அடக்குகிற சாமான் இல்லாத ரகம் என்று தெரிந்தேதான் வாங்கினேன் என்றேன். இதையும் சொல்ல வேண்டியதில்லை. சொன்னேன்.

குணசீலன் என்னைப் பார்த்தபடியே எழுந்தார். "அப்ப சவரிமுத்து காலை ஒடச்சது ஒங்க லைட்டு."

"ஆமா. என் லைட்டுதான்."

"அதக் குடுத்து மால வேற வாங்குனீங்க."

"வாங்குனேன். அதுக்கு என்ன பண்ணணுமோ என்னையப் பண்ணுங்க. அவளப் பண்ணாதீங்க. ரிப்பீட்டர்ல கைய வைக்காதீங்க. அது ஒழுங்காத்தான் கேட்டுச்சு, நான்தான் அதுங் காதுல போயிக் கத்துனேன்."

சடையப்பன் முருகா என்றார். கம்பெனிக்காரர் திரையைச் சுருட்டுவதா வேண்டாமா என்று நின்றார். அவரிடம், புளிக்கல்லுக்குப் போய் ஒரே ஒரு தடவை உங்கள் போனில் கூப்பிட்டுக் காட்டுங்கள், நானே ரிப்பீட்டரைக் கழற்றித் தலையில் சுமந்து இறக்குகிறேன் என்றேன். போகவில்லை.

மன்னிப்புக் கடிதம் மேஜையில்தான் இருந்தது. எடுத்தேன். தவமணி என்ற இடத்தை அடித்துவிட்டு வீரபத்திரன் என்று எழுதினேன். தகவல் சொல்லத் தவறிவிட்டேன் என்பதை அடித்து, தகவலைக் கெடுத்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதை போர்டில் ஒட்டுங்கள் என்று குணசீலன் கையில் கொடுத்தேன்.

அவர் வாங்கிப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏன் வீரா, தீபாவளி நேரம். இத ஒட்டுனா கடைக்கு எவன் வருவான்?"

"ஒட்டுங்க."

அப்போது இரைச்சல் இறங்கத் தொடங்கியது. எஸ்தர் சாக்குகளை எடுத்துக்கொண்டிருந்தார். கரகரப்புக்குள்ளிருந்து குரல் மேலே வந்தது. கொஞ்சம் தொண்டை கட்டியிருந்தது, அதே நிதானம்.

"முந்நூத்திப் பதினாலு... முந்நூத்திப் பதினஞ்சு... முந்நூத்திப் பதினாறு..."

சவரிமுத்துவின் மகன் கட்டியிருந்த கையை எடுத்தான். முந்நூற்று இருபது வரை கேட்டுக்கொண்டே நின்றோம். அப்புறம்தான் நிறுத்தச் சொல்ல வேண்டியவன் நான் என்ற நினைப்பு வந்து மைக்கை எடுத்தேன்.

"தவமணி, போதும்."

"சரிண்ணே. எது வரைக்கும் கேட்டுச்சு?"

"அறுவத்திரெண்டு. அதுக்கப்பறம் இப்பத்தான்."

பிறகு, "அன்னைக்கும் நான் நிறுத்தலண்ணே" என்றாள்.

அவளை நிறுத்துவது பற்றி யாரும் மேற்கொண்டு பேசவில்லை. சடையப்பன் இருபத்தைந்தாம் தேதி வரை சாக்கு விளக்கின் மேல் இருக்கக் கூடாது, மூடினால் எரியத்தான் செய்யும் என்று கண்டுபிடித்துச் சொன்னார். மனுஷன் புத்திசாலி. கம்பத்துக்குள்ளே இருக்கும் பேட்டரி ஒயரைப் பிடுங்க மட்டும் அனுமதி கொடுத்தார், அது கழற்றுவதில் சேராதாம். சாயங்காலமே பிடுங்கிவிட்டேன். கோயிலில் இப்போது பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிறது. ரிப்பீட்டருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

ரிப்பீட்டர் இருக்கிறது. அதன் உரிமத்தைச் சங்கத்தின் பேருக்கு மாற்றித் தர வேண்டும் என்று தீர்மானம். மூன்று வருஷம் அலைந்து வாங்கியது. மாற்றித் தருகிறேன் என்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

காலையில் சவரிமுத்துவைப் பார்க்கப் போனேன். கூடலூரில் எனக்கு வேறு ஒரு வேலையும் இல்லை. அவர் மகன் முன்னாலேயே சொல்லியிருக்கிறான். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். போகச் சொல்லவில்லை, பேசவும் இல்லை. நாளை மறுநாள் மறுபடி போவேன். முகத்தைத் திருப்பினாலும் போவேன்.

பதினொரு மணிக்குக் கடை திறந்தேன். இருநூறு விளக்கும் பெட்டியோடு பின்னறைக்குப் போய்விட்டது, டீலருக்குத் திருப்பி அனுப்பப் போகிறேன். அவர் எடுக்க மாட்டார், நானும் விட மாட்டேன். வீட்டுக்கு வாங்கிப்போன விளக்கைத் திருப்பிக் கொடுக்க நாலு பேர் வந்தார்கள். வாங்கி வைத்தேன். புதிதாக வாங்க ஒருவரும் வரவில்லை. எதிர்ச்சாரியில் சங்கத்து போர்டு. அதில் என் கையெழுத்தைப் படித்துவிட்டுக் கடையைப் பார்க்கிறார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். அவர்கள் கண்ணை எடுக்கும்வரை நான் எடுக்கவில்லை.

நாலு மணிக்குப் பனி இறங்கியது. எதிரே போர்டு தெரியாமல் போயிற்று. நாலு இருபதுக்குத் தவமணி, புளிக்கல் ஓடையில் இரண்டு ஆனை, ஒரு குட்டி, கீழ்ப்பாதைக்கு யாரும் வராதீர்கள் என்றாள். ஒரு எழுத்து விடாமல் கேட்டது. வாட்சர்கள் வரிசையாகச் சரி, சரி என்றார்கள்.

ஏழரைக்கு அடைத்தேன். நாளைக்கு எப்போதும்போல ஏழு மணிக்குத் திறப்பேன்.